நைட் டேட்டா

பன்னிரண்டு அடித்தால் திறக்கும்.
ஏழு மணிக்கு மூடும்.
பகலெல்லாம் சொட்டுச் சொட்டாய்ச் செலவழிக்கிற நாங்கள்
இந்த ஏழு மணித்தியாலம் மட்டும் பணக்காரர்கள்.

நோர்வூட்டுக்கு மேலே எங்கள் லயத்தில்
ஐந்தாவது காம்பரா என்னுடையது.
என்னுடையது என்றால்,
அம்மாவும் அப்பாவும் முன்பக்கம்,
தங்கச்சி துஷாந்தினி அலுமாரிக்கு அந்தப் பக்கம்,
சுவரோடு ஒட்டிய கட்டிலும்
போர்வைக்குள் இருக்கிற வெளிச்சமும்
என்னுடையது.

உயர்தரம் எழுதி நாலு வருஷம்.
கொழும்பில் ஒரு புடவைக் கடையில் எட்டு மாதம் நின்றேன்.
கடையை மூடினார்கள். வந்துவிட்டேன்.
இப்ப என்ன செய்ற என்று யாராவது கேட்டால்
"பாத்துக்கிட்டிருக்கேன்" என்பேன்.
வேலையைத்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒருவன் பழைய கோடரியைத் துரு நீக்கிப் பளபளப்பாக்குகிறான்.
ஒருத்தி முட்டை உடைக்கிறாள்: இரண்டு மஞ்சள் கரு.
எந்த நாடோ, ஒரு பூனை லிஃப்டில் ஏறுகிறது.
கோடரி எனக்கு வேண்டாம். முட்டையும் வேண்டாம்.
அடுத்தது வேண்டும்.
அடுத்தது என்பதால் மட்டும்.

ஒன்றுமே இல்லாமல் இருப்பதுதான் அலுப்பு
என்று நினைத்திருந்தேன்.
வயிறு நிறைந்த பிறகும்
கை தட்டைத் துழாவிக்கொண்டிருக்குமே, அதுதான்.
பசி இல்லை.
எழும்பவும் மனசில்லை.

பெருவிரல் என்னைக் கேட்பதில்லை.
ஒரு காலை பீலியில் பல் தேய்க்கையில்,
போன் வீட்டில் கிடக்கிறது,
விரல் ஈரக் கல்லை மேலே மேலே
தள்ளிக்கொண்டிருந்தது.
பாசி வழுக்கியது.
அடுத்த கல் வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், தொங்கல் காம்பராவில், புவிராஜ்.
பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.
இயர்போன் உடைந்து ஒரு மாதம் அவனுக்கு.
நான் சிரித்து முடித்த சிரிப்பு
பத்து நிமிஷம் கழித்து அங்கிருந்து மெல்லிசாய் வரும்.
கோடரிக்காரன் முதலில் அங்கேதான் வந்தான்,
பிறகுதான் எனக்கு.
பகலில் சந்தியில் கண்டால்
தலையை ஆட்டிவிட்டுப் போவோம்.
என்னத்தைச் சொல்ல?
நான் பார்த்ததெல்லாம் அவனும் பார்த்ததுதான்.

போன கிழமை, மழை, மூன்றேகால் இருக்கும்.
படம் நின்றது. திரை கேட்டது:
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?
இருபத்துமூன்று வயதில் என்னை இத்தனை மரியாதையாக
யாரும் எதுவும் கேட்டதில்லை.
கீழே "ஆம்" என்று ஒரு பொத்தான்.
"இல்லை"க்குப் பொத்தான் வைக்கவில்லை.

அழுத்தவில்லை நான்.
என்ன தோன்றியதோ,
விரல் மொளியால் சுவரை இரண்டு தரம் தட்டினேன்.
தகரத்தில் மழை.
அங்கே கட்டில் முனகியது,
ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது.
பிறகு என் போன் அதிர்ந்தது.

தட்டினது நீயா மச்சான்?
ஆமா.
ஏன்?
சும்மா.

மூன்று புள்ளி துடித்தது. நின்றது.
திரும்பத் துடித்தது.
எனக்குந்தான், என்று வந்தது.

"சும்மா"வுக்கு அது பதிலே இல்லை.
ஆனாலும் அன்றிரவு வந்ததில்
அதை மட்டும்தான் இரண்டாம் தரம் வாசித்தேன்.
பிறகு ஒரு வீடியோ அனுப்பினான்.
முட்டை. மூன்று மஞ்சள் கரு.

நாலரைக்கு மழை விட்டிருந்தது.
அம்மா அடுப்பை மூட்டிவிட்டு
திரைச்சீலைக்கு வெளியே நின்றாள்.
"முழிச்சிக்கிட்டா இருக்க?"
இதற்கு எந்தப் பொத்தானும் இல்லை.
வெளிச்சத்தை நெஞ்சில் கவிழ்த்து
தூங்குகிறவன் மூச்சை இழுத்து விட்டேன்.
எனக்கு அது நன்றாக வரும்.
ரொட்டியைச் சுற்றிக்கொண்டு, படங்கைக் கட்டிக்கொண்டு
பெரட்டுக்கு இறங்கிப் போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு அம்மா
அதையே கேட்டாள்.
அந்தப் பக்கமும் ஒரு மூச்சு.
புவிராஜ் கொஞ்சம் கூடத்தான் செய்தான்,
குறட்டை வேறு.