ஆறாவது பிரஷ்

கிரீனக் ஊரில் டிசம்பர் என்றால் மழை,
மழை விட்டால் தூறல்.
கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டு வந்து
ஈரக் கோட்டைக் கழற்றாமலே
சட்டியை அடுப்பில் ஏற்றுகிறேன்.

கசாப்புக் கடையில் இனாமாய் வந்த மாட்டுக் கொழுப்பு.
மெழுகுத் துருவல் மாதிரி ஸ்டியரிக் அமிலம்,
பாதிக்குப் பாதி அதுதான்;
நுரை நின்று பேசுவது அதன் தயவில்.
கொஞ்சம் தேங்காயெண்ணெய்.
பொட்டாஷை எடைபோடும்போது மட்டும்
ரேடியோவை அணைத்துவிடுவேன்.
தண்ணீரில் பொட்டாஷைப் போடு,
பொட்டாஷில் தண்ணீரை ஊற்றாதே.
முதலில் பிரேக், பிறகுதான் கதவு
என்று கைக்குத் தெரிவதைப் போல
இதுவும் தெரிந்துவிட்டது.

இரண்டையும் சேர்த்தால்
இமைப்பதற்குள் இறுகிவிடுகிறது.
மசித்த உருளைக்கிழங்கு போல இருக்கும் என்று படித்திருந்தேன்.
பொய்.
தார் போட வந்தவர்கள்
பாதியில் சாப்பிடப் போய்விட்ட சாலை இது.
மரக்கரண்டி ஒன்று முறிந்தது.
மூடி, கிளறி, மூடி,
ஒரு மணிக்கு ஒரு துளியை நாக்கில் வைத்தேன்.
பேட்டரி முனையை நக்கினாற்போல் சுள்ளென்றது.
இன்னும் வேகவேண்டும்.
மாடிப்படியிலிருந்து திருமதி ராஸ்பர்ன்:
"யூனா, இந்நேரத்தில் யார் வீட்டுப் பன்றியை அவிக்கிறாய்?"

ஐந்து ஆண்கள், முப்பது பவுண்டு.
பேட்ஜர் முடி பிரஷ் ஒன்றே நாற்பதாம்.
கடைக்காரர் என் புறங்கையில் தடவிக் காட்டினார்.
பட்டுதான். விலையும் பட்டு விலைதான்.
செயற்கை இழை சீக்கிரம் காயும்,
ஆனால் அந்த பிளாஸ்டிக் கைப்பிடி
என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.
கடைசியில் பன்றிமுடி, மரப்பிடி.
ஐந்தாகத் தரமாட்டார்களாம்;
பெட்டிக்கு ஆறு, இருபத்து மூன்று பவுண்டு.
தர்மக் கடையில் காது உடைந்த தேநீர்க் கோப்பைகள்,
ஒன்று இருபது பென்ஸ்.

வெந்நீரில் ஊறவைத்தேன்.
குளியலறை முழுக்க நனைந்த நாய்.
முதல் சில வாரம் முரடாய்த்தான் இருக்கும்,
முடி உதிரும், நாறும்,
பிறகு நுனி பிளந்து மெத்தென்றாகும் என்றிருந்தார்.
நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்
டிப்போவில் என்னைப் பற்றியும்
ஏறக்குறைய இப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் ஆறியது சோப்பு.
சோதித்துப் பார்க்க வீட்டில் தாடை இல்லை,
என்னுடையதைத் தவிர.
கண்ணாடி முன் நின்று வட்டம் வட்டமாய்ப் பூசினேன்.
முதலில் குமிழி, பிறகு பால், பிறகு தயிர்.
காதுவரை வெள்ளைத் தாடி.
கரண்டியின் முதுகால் வழித்தேன்.
வழித்த பாதையில் என் கன்னம் தெரிந்தது,
பழைய ஆளைப் பஸ் நிறுத்தத்தில் பார்ப்பதுபோல.
அப்போது பார்த்துத்தான் பார்சல்காரன் கதவைத் தட்டினான்.
தாடியோடு கையெழுத்துப் போட்டேன்.
அவன் பேனாவை மட்டும் துடைத்துக்கொண்டான்.

காலாவதியான கால அட்டவணைத் தாளில் சுற்றிக்
கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொடுத்தேன்.
லாக்லன் பத்து நாளாகத் தாடி வளர்க்கிறானாம்.
"பரவாயில்லை, பேஸ்ட்ரிக்கு முட்டை தடவுகிறேன்."
டூகல் தன் கோப்பையில் தேநீர் ஊற்றப் போனான்.
எவ்வளவு ஆச்சு என்றான் கில்மோர்;
கேட்கக் கூடாததை அவன்தான் கேட்பான்.
ஆர்ச்சியின் பொட்டலம்
தொலைந்த பொருள் அலமாரியில் இரண்டு நாள் கிடந்தது,
குடைகளுக்கும் ஒரு பல்செட்டுக்கும் நடுவே.
மிரெக் மட்டும் முகர்ந்து பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது பிரஷ் என் ஜன்னல் விளிம்பில் காய்கிறது.
நுனி பிளக்கத் தொடங்கிவிட்டது.
எதற்கு என்று கேட்காதீர்கள்.

ஜனவரி நான்கு, காலை ஐந்தே கால்.
மிரெக் முதல் பஸ்ஸில் ஏறி
இருக்கையைத் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி,
எப்போதும்போல் கொட்டாவி விடுகிறான்.
காதுமடலுக்குக் கீழே
ஒரு அரிசி அளவு காய்ந்த நுரை.

சொல்லலாம்தான்.
கதவு மூடுகிறது,
கையை மட்டும் ஆட்டினேன்.