வாயால் ஒரு சத்தம்

"என்ன மாதிரிச் சத்தம் அக்கா?
கீச்செண்டோ, கொரகொரவெண்டோ?"
சுகிர்தன் கேட்டான்.
கொக்குவில் கராஜில் எனக்கு முன்னால்
காத்தடிக்க வந்த இரண்டு பெடியள்,
பிளேன்ரீயோடு ஒரு கிராம சேவகர்.
நாற்பத்தொரு வயதில்,
ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிறவள்,
வாயைக் குவித்துச் செய்து காட்டினேன்:
க்றீஈஈக்.

பெடியள் போனுக்குள் சிரித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை.
"பிறேக் பிடிக்கேக்கயோ, விடேக்கயோ?"

இரண்டு கிழமையாக என்னோடு வந்த சத்தம்.
பண்ணைத் தாம்போதியில் முதலில் கேட்டபோது
காற்றுத்தான் எதிலோ மாட்டிக் கத்துகிறது என்றிருந்தேன்.
அந்தக் கடலுக்கு நட்டும் போல்ற்றும் பலகாரம்.
போன வருஷம் நம்பர்த் தகட்டின் ஆணியைத் தின்றது,
சைலன்சரில் சில்லறைக் காசளவு கடித்தது.
ஞாயிறுதோறும் நல்ல தண்ணியால் கழுவி
துணியால் துடைக்கிறேன்,
கண்ணுக்குத் தெரிகிற இடங்களை.

மற்றதெல்லாம் சரியாகச் செய்கிறவள் நான்.
சாலை இழுத்து இடுப்பில் செருகாமல் சாவி திருப்பினதில்லை;
சில்லு துணியைத் தின்னத் தொடங்கினால்
கழுத்தில்தான் நிறுத்தும்.
ஹெல்மெற் வாரைக் கிளிக்கெனப் பூட்டுவேன்,
பூட்டாத ஹெல்மெற் சட்டிக்கு மூடி.
மழை விழுந்த முதல் பத்து நிமிஷம்
வெள்ளைக்கோட்டில் சில்லு வைக்கமாட்டேன்.
குறுக்குக் காற்று தள்ளினால்
கைபிடியை நெரிக்காமல், தோளைத் தளர்த்தி,
வேகத்தைக் குறைத்து
அதோடு கொஞ்சம் பேரம் பேசுவேன்.
ஆனால்
வலது சிக்னலைப் போட்டபடி
மண்டைதீவுச் சந்தியிலிருந்து வேலணை வரை போனதும் நான்தான்.
பின்னால் வந்த மினிபஸ் சாரதி
நான் எங்கே திரும்புவேன் என்று
இப்பவும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

பின்சில்லைக் கழற்றினான்.
டிரம்முக்குள் ஊதவில்லை,
ஈரத்துணியால் ஒற்றியெடுத்தான்.
"இந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாதக்கா."
மூன்றாம் பிறைபோல இரண்டு பிறேக் சூ.
ஒன்றில் கறுப்பு இருந்தது, ஒரு தாளின் தடிப்பில்.
மற்றதில் அதுவும் இல்லை.
வெறும் இரும்பு,
கண்ணாடிபோல மினுங்கிற்று.

"இதோடயோ ரெண்டு கிழமை ஓடினனீங்கள்?"

கராஜ் வாசலில் நின்றபடியே
அந்த இரண்டு கிழமையையும் திரும்ப ஓடினேன்.
வேலணையில் பந்துக்குப் பின்னால் வந்த சிவப்பு பெனியன்.
நின்றது வண்டி. எப்படி நின்றது?
அல்லைப்பிட்டியில்
தார்ச்சூட்டில் வயிறு காய்ந்த மாடுகள்.
அதற்கும் நின்றது.
வெள்ளிக்கிழமை,
பின்சீற்றில் நேர்ஸ் புஷ்பமலர்,
அவள் மடியில் ஐஸ் பெட்டி,
பெட்டிக்குள் பதினெட்டுக் குழாய் இரத்தம்,
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு வயது.
யாழ்ப்பாணம் வரை
அவள் மகளின் சாமத்தியவீட்டுக் கதை சொல்லி வந்தாள்.
நான் கச்சேரிக்குத் தலையாட்டுவதுபோல்
க்றீக், க்றீக்.

முன் பிறேக் தனியாளாய் நின்று
அத்தனை பேரையும் பிடித்து வைத்திருக்கிறது.
அது ஒரு சத்தமும் போடவில்லை.

சூ ஒரு சோடி, கேபிள் ஒன்று, கூலி.
ஐயாயிரத்துச் சொச்சம்.
"பழசை எறியட்டோ?"
"இல்லை, தாரும்."

குசினி யன்னலில்
கரண்ட் பில்லுக்கு மேலே கிடக்கிறது அந்த இரும்புப் பிறை.
வேறொன்றுக்கும் உதவாது.
காற்றுக்குத் தாள் பறக்காமல் பிடிக்கிறது,
ஒரு பிறேக்கின் கடைசி வேலையாக.

இப்போதெல்லாம் காலையில்
ஸ்ராட் பண்ணமுதல் ஸ்கூட்டியை
கேற்றடி வரை உருட்டிப் போகிறேன்.
பின்னதை ஒருதரம் பிடித்து,
முன்னதை ஒருதரம்,
ரயரைப் பெருவிரலால் அமத்தி,
சைட் ஸ்ராண்ட் மடிந்ததா என்று காலால் தடவி,
தலையைக் கொஞ்சம் சரித்து நிற்கிறேன்.

வேலிக்கு மேலால் யோகாம்பிகை எட்டிப் பார்க்கிறாள்.
"என்ன, திரும்பப் பழுதோ?"

"இல்லை.
சும்மா கேக்கிறன்."