ஏன் மூன்று?

வெட்டிய வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை.
எல்லாமாகப் பதினொரு வரி.
வயர்லெஸ் ட்ரைவர் ஒன்றுக்கு
யானிக் என்றொருவன் அனுப்பிய ஒட்டு.
மல்லாவியில் கறண்ட் இல்லை.
மடிக்கணினியில் நாற்பத்தொரு வீதம் மிச்சம்.
பெய்வதா விடுவதா என்று
தகரத்தின் மேல் மழை யோசிக்கிறது.

முதல் பிழை பார்த்த உடனே தெரிந்தது.
நினைவகம் கிடைக்காவிட்டால்
பூட்டைத் திறக்காமலே வெளியேறுகிறான்,
சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்தபடி
பஸ் ஏறிப் போனவனைப் போல.
பின்னால் வருகிறவர்கள் கதவடியில் நிற்பார்கள்
இயந்திரம் மொத்தமாய் உறையும் வரை.
எழுதினேன்: வரி இருநூற்றுப் பதினாலு. திறந்துவிட்டுப் போகவும்.

மற்றது பிழையல்ல.
ஒரு எண்.
ஏழு இருந்த இடத்தில் மூன்று.

தொடர்பு அறுந்தால் கருவி கேட்கும்:
இருக்கிறாயா?
பதில் இல்லையென்றால் திரும்பவும்.
ஏழு தரம் கேட்டுவிட்டுத்தான் கைவிடும்.
மூன்று போதும் என்கிறான் யானிக்.
பற்றறி மிச்சமாம்.
அவனுடைய மேசையில்
மூன்றுக்குப் பிறகு எதுவும் வந்ததே இல்லையாம்.

வாசலில் இன்பரூபன்
சைக்கிள் ட்யூப் ஒன்றைத் தண்ணீர்ச் சட்டிக்குள்
அமுக்கிப் பிடித்துக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.
"உன்ரை ஆள் போட்ட ஒட்டு காத்துப் போகுதோ?"
"இன்னும் தண்ணிக்குள்ளை வைக்கேல்லை."
"பாக்காமல் என்னண்டு கையெழுத்து வைப்பாய்?"

மோட்டார் சைக்கிள் பற்றறியில் றூட்டரைக் கொழுவி
வவுனிக்குளத்துத் துருசடியில் அவன் நின்றான்.
மடிக்கணினியைச் சொப்பிங் பைக்குள் போட்டு
நான் கட்டால் நடந்தேன்.
மைனஸ் அறுபத்தொன்று.
மைனஸ் எழுபத்தாறு.
இடையில் மருதமரங்கள், ஒரு எருமை.
மைனஸ் எண்பத்தாறில் மழை முடிவெடுத்தது.

பதினாறு தரம் அறுத்தேன்.
பதினொன்றில், கேட்ட உடனே பதில்.
மூன்றில், மூன்றாவது கேள்விக்குள்.
ஒன்றில் ஐந்தாவதுக்கு.
ஒன்றில், குளத்தின் மறுகரை
கண்ணுக்கே தெரியாமல் போன அந்த நேரம்,
ஏழாவதுக்கு.
பைக்குள் தலையை விட்டு இரண்டுதரம் வாசித்தேன்.

திரும்பி வர, கடைப்படியில் செல்வநிதி அக்கா,
கையில் பொத்தான் போன்.
"பிள்ளை, இண்டைக்கு எண்பத்தெட்டு நாள்."
காசு போடாவிட்டால்
தொண்ணூறாம் நாள் நம்பரை வெட்டிவிடுவார்கள்.
ஐம்பது ரூபாய் போட்டுக் கொடுத்தேன்.
அந்த நம்பர் யாரிடம் இருக்கிறது என்று
நான் கேட்டதில்லை.
அவ சொன்னதுமில்லை.
மழை விட்டபிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனா.

இரவு, கறண்ட் வந்தது.
அக்காவைப் பற்றி இரண்டு வரி எழுதினேன்,
அழித்தேன்.
கேர்னலுக்கு அளவு காட்ட வேண்டும், ஆள் காட்டக் கூடாது.
மிஞ்சியது இவ்வளவு:

யானிக்,
கன மழை, மைனஸ் எண்பத்தாறு.
ஏழாவது கேள்விக்குப் பதில் வந்தது. பதிவு இணைத்திருக்கிறேன்.
பற்றறிக் கவலை நியாயம்தான்.
ஒரு கேள்விக்கும் அடுத்ததுக்கும் இடையில்
நேரத்தைக் கூட்டிப் பார்.
எண்ணில் கை வைக்காதே.
மூன்று என்றால், ஏன் மூன்று?

நாலு நாள் சத்தமில்லை.
கோபித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன்.
ஐந்தாம் நாள் இரண்டாவது ஒட்டு.
பூட்டுத் திறந்திருந்தது.
இடைவெளி ஒவ்வொரு தரமும் இரட்டித்தது.
ஏழு, ஏழாகவே இருந்தது;
பக்கத்தில் குறிப்பாய் ஒரே ஒரு சொல்: மழை.

அழகாய்த்தான் இருக்கிறது.
இன்பரூபன் பற்றறியைக் கழற்றித் தயாராய் நிற்கிறான்.
வெளியே கண்ணைக் கூசும் வெயில்.
கையெழுத்து இன்னும் வைக்கவில்லை.