ஒப்படைப்பு மூன்று

திருத்தியவருக்கு வணக்கமுங்க.
உங்கள் பெயர் எனக்குத் தெரியாது.
உங்களுக்கு நான் பதினோரு இலக்கம்.

பாடப்புத்தகம் பார்சலில் வந்த அன்று
ஏற்றுமதிப் பெட்டிகளோடு சேர்த்து
செக்யூரிட்டி அதையும் லோடில் ஏற்றிவிட்டார்.
தூத்துக்குடி லாரியை
அவிநாசிபாளையத்தில் மறித்து மீட்டோம்.
கப்பல் ஏறாமல் தப்பியது மனிதவள மேலாண்மை.

படிப்பது செக்கிங் டேபிளில், சோற்று நேரத்தில்.
நாளெல்லாம் பனியனில் ஓட்டை பார்த்த கண்
எழுத்திலும் ஓட்டை தேடும்.
பக்கத்துக்குப் பக்கம் பஞ்சு ஒட்டியிருக்கும்,
ஊதிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் நேர்முக வகுப்பு.
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்ச்,
முழங்கால் இடிக்கும்.
இந்தப் பக்கம் சென்னிமலை சொசைட்டிக் கணக்கர்,
அந்தப் பக்கம் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்.
தூங்கினால் எழுப்புவதில்லை.
யாருக்கு எந்த ஷிப்ட் முடிந்ததோ.

கேள்விக்கு வருகிறேன்.
"ஆட்குறைப்பின்போது மேலாளர் பின்பற்ற வேண்டிய
நெறிமுறைகளை விவரி. பதினைந்து மதிப்பெண்."

போன ஐப்பசியில் ஆர்டர் நின்றது.
முதலாளி கூப்பிட்டார்:
"பதினாலு பேரு அம்மிணி.
பேரை நீயே எழுதிக் குடுத்துரு."

புத்தகத்தில் இருக்கிறது,
கடைசியாக வந்தவர் முதலில் வெளியே.
கடைசியாக வந்தவள் கைக்குழந்தையோடு வந்தவள்.
அந்தப் பக்கத்தை அப்படியே மடித்துவைத்தேன்.

ஊரில் காடு உள்ளவர்கள் நாலு பேர்.
மகன் சம்பாதிக்கிறவர்கள் ஐந்து.
சீட்டுப் பணம் இன்னும் எடுக்காமல் வைத்திருப்பவர்கள் மூன்று.
நானே போய்க்கிறேன் என்றவள் ஒருத்தி,
அவளை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பதினாலாவதுக்கு இரண்டு நாள் ஆயிற்று.
மூன்றாம் நாள் எங்க நங்கை பேரை எழுதினேன்.
அண்ணன் பெண்டாட்டி. நான்தான் சேர்த்துவிட்டது.
கையில் வேகம், ஒரு பீஸ் தப்பாது.

பட்டியலைப் படித்ததும்
மற்ற பதிமூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல்
கணக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.
அதற்காகத்தான் எழுதினேனா,
நியாயம் என்று எழுதினேனா,
இன்னும் பிரித்துப் பார்க்க வரவில்லை.
தையில் அண்ணன் மகளுக்குத் திரட்டிச் சீர்.
அத்தை இல்லாமலே தண்ணி வார்த்தார்கள்.

இதையெல்லாம் எழுதினேன், ஐந்து பக்கம்.
எந்த அலகில் சேரும் என்று தெரியாமல்
'தலைமைப் பண்பு' என்று தலைப்புப் போட்டு
ஸ்கேல் வைத்து அடிக்கோடும் இழுத்தேன்.

நீங்கள் சிவப்பு மையில்:
"சொந்தக் கதை தவிர்க்கவும்.
குறிப்புகளாக எழுதவும்."
ஆறு.

குறை சொல்லவில்லைங்க.
நாற்பது சதவீதம், பாஸ்தான்.

தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும் என்பது விதி.
மறுபக்கம் சும்மா கிடக்கிறது.
மாசி பிறந்ததும் ஆர்டர் திரும்பி வந்துவிட்டது.
ஆள் எடுக்கச் சொல்கிறார்கள்.
பதினாலு இல்லை,
ஒன்பது.

நீங்கள் சொன்னபடி குறிப்பாகவே எழுதலாமென்று
உங்கள் சிவப்பு ஊறித் தெரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி
ஒன்று என்று போட்டுப் புள்ளி வைத்தேன்.
சோற்று மணி முடிந்து
மிஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.
பேனா இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.