காற்றாலைகளுக்கு மேல் பெய்த மழை

பாளையங்கோட்டைக்கு வெளியே, ரேடார் அறை.
ஏசி மட்டும் உறுமும் இரவுப்பணி.

திரையில் தெற்கே, ராதாபுரம் பக்கம்
வருஷம் முழுக்க ஒரு சிவப்புத் திட்டு.
மழையில்லை. காற்றாலைகள்.
சுழலும் இறக்கையை மேகமென்று நம்பி
எத்தனை முறை எச்சரிக்கை கொடுத்திருக்கிறோம்!
வெயிலில் குடையோடு வள்ளியூரில் இறங்கியவர்கள்
எங்களைத் திட்டிய திட்டு
எந்தத் திரையிலும் பதிவாகவில்லை.

ஐப்பசியில் புதிய கருவி வந்தது.
ஓர் அலை படுத்துப் போகிறது,
ஓர் அலை நின்று போகிறது.
திரும்பி வந்து இரண்டும் சொல்கின்றன
துளி எவ்வளவு சப்பை என்று.
பெருந்துளி கண்ணீர் வடிவில் இருப்பதில்லை;
பன்ரொட்டி மாதிரி, அடி தட்டை.

ஒரு விடியலில் கூந்தன்குளத்திலிருந்து
வளையமாய் விரிந்த ஒன்றை
பறவையென்று அதுவே ஒதுக்கியது.
காற்றாலைத் திட்டையும் துடைத்துவிட்டது.
தெற்கு இப்போது
கழுவிக் கவிழ்த்த தட்டு.

நேற்று இரண்டேகாலுக்கு
பணகுடி துணைமின்நிலையத்திலிருந்து ஜெபக்கனி:
"யக்கா, இங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துது,
ஒங்க மிஷின் என்ன சொல்லுது?"

பார்த்தேன். சுத்தம்.

வடிகட்டியை நீக்கினேன். சிவப்பு.
அதில் மழை எது, இறக்கை எது,
அலைக்கும் தெரியவில்லை, எனக்கும்.

போனை வைக்காதே என்றேன்.
அவள் கொட்டாவிக்குப் பின்னால்
தகரத்தில் விழும் சத்தத்தை
நாலு நிமிஷம் கேட்டுவிட்டு
பதிவேட்டில் எழுதினேன்:
கனமழை. ஆதாரம்: காது.