ஐம்பது நிமிடம் தள்ளி

என் வேலை கட்டங்கள் நிரப்புவது.
யார் வீட்டுக்கு யார், எத்தனை மணிக்கு,
குளியலுக்கு இருபது நிமிடம், மாத்திரைக்குப் பத்து.
லெர்விக் துறைமுகத்துக்கு மேலே
ஹீட்டர் முனகும் ஓர் அறை,
ஜன்னலில் காய்ந்த உப்பு.
நாற்பத்தொரு பேர் என் திரையில்
பச்சையும் மஞ்சளுமாக வரிசையில் இருக்கிறார்கள்.

தோரா இஸ்பிஸ்டர் மட்டும் வரிசைக்குள் வரவில்லை.

வயது ஐம்பத்து மூன்று.
வலை இழுக்கும் உருளை மண்டையில் மோதி ஒன்பது வருடம்.
காலையில் சொன்னது மதியம் இல்லை.
வலிப்பு, எப்போதாவது.
வாரம் பதினான்கு மணி நேரம் உதவி உண்டு,
அதை எப்படிச் செலவழிப்பது என்று
அவளையே கேட்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு.
கேட்டோம். அவள் சமையலறை மேசை, நான்கு பேர்,
உறை பிரிக்காத பிஸ்கட்.

"வத்தத்துக்குப் போகணும்."
கடல் உள்வாங்கியதும் பாறையில் நத்தை பொறுக்க.
விற்கிற நத்தை, கிலோவுக்குக் காசு வருகிற நத்தை.
'பொழுதுபோக்கு' என்று நான் எழுதியிருந்ததை
விரலால் அழிக்கப் பார்த்தாள்.
'வேலை' என்று மாற்றினேன்.

தம்பி லவ்ரி கோட்டைக் கழற்றாமல் கதவருகே நின்றான்.
பாசி வழுக்கும், என்றான்.
வந்த வழி மறந்துவிடும், என்றான்.
கடலுக்கு நேரம் குறிப்பீர்களா, என்றான்
என்னைப் பார்த்து.

முடிவெடுக்கும் திறன் அவளுக்கு உண்டா என்று பார்க்க
அபர்டீனிலிருந்து இரவுக் கப்பலில்
முகம் வெளுத்து வந்தான் இங்க்ராம்.
புரிகிறதா. நினைவில் நிற்கிறதா.
சீர்தூக்க முடிகிறதா. சொல்ல முடிகிறதா.
இரண்டாவதில் தோற்றாள்.
விழலாம், எலும்பு முறியலாம், தண்ணீர் ஏறலாம் என்று
பத்து மணிக்குச் சொன்னது பதினொன்றுக்கு இல்லை.

இங்க்ராம் பேனாவை மூடவில்லை.
மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும்.
தன் பெயரிலிருந்து எல்லாம் புதிதாகச் சொன்னான்.
மூன்று நாளும் அவள் புதிதாகப் பயந்தாள்,
கன்னத்தை உள்ளே கடித்துப் புதிதாக யோசித்தாள்,
மூன்று நாளும் அதே இடத்தில் வந்து நின்றாள்:
"விழுந்தா நான்தானே விழுவேன். வாளியைக் கொடு."

ஒரு முடிவை ஒரு தடவை எடுத்துவிட்டு
வருடக்கணக்கில் அதன்மேல் படுத்துத் தூங்குகிறவள் நான்.
அவள் தினமும் அடியிலிருந்து எடுக்கிறாள்.

பிறகு பேரம்.
லவ்ரி கோட்டைக் கழற்றினான்.
எந்தப் பாறை புரளும் என்று அவனுக்குத்தான் தெரியும்.
இதற்கு அப்பால் கூடாது என்று மஞ்சள் பெயிண்ட்.
இன்னும் நாலு பாறை, என்றாள் தோரா.
ஒன்று, என்றான்.
மீன் ஏலம் போல நடந்து மூன்றில் முடிந்தது.
கழுத்தில் விசில்.
அது எதற்கென்று வாளியின் உட்புறம்
அவள் கையெழுத்திலேயே.
கூடப் போகும் ஆஸ்லா முதுகைத் திருப்பி உட்காரணும்,
பார்த்துக்கொண்டே இருந்தால் கை கூசுகிறதாம்.
அதெப்படி, என்றாள் ஆஸ்லா.
பக்கவாட்டில் உட்காருவது என்று எழுதிக்கொண்டோம்.

வற்றம் தினமும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது.
ஒரே பணிக்கு ஒரே நேரம்தான் என்று
கணினி சிவப்பாகிறது.
சுவரில் கடல் அட்டவணையை ஒட்டிவைத்து
மாலைதோறும் கையால் நகர்த்துகிறேன்.
இது எத்தனை நாளைக்கு என்று மேலாளர் கேட்டார்.
தெரியாது.

மே மாதம் விழுந்தாள்.
மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். மணிக்கட்டு.
லவ்ரி போனில் கத்தவில்லை,
கத்தியிருக்கலாம்.

கட்டுப்போட்ட கையைத் தோரா யாருடையதோ போலப் பார்த்தாள்.
நடந்ததைச் சொன்னோம்.
கன்னத்தைக் கடித்துக்கொண்டாள்.
"வாளி?"
முக்கால், என்றாள் ஆஸ்லா.

வியாழக்கிழமை மறுபடி அதே மேசை.
லவ்ரி வருவானா, தெரியாது.
நாளை வற்றம் இரண்டு நாற்பதுக்கு.
அந்தக் கட்டத்தை இன்னும் அழிக்கவில்லை.
பெயர் போடாமல்
திறந்தே வைத்திருக்கிறேன்.