இடது கை உபரி

திரையில் இரண்டு கைகளும் சமம்.
ஸ்டோருக்குள் இல்லை.

செவ்வாய் இரவு, பாடாங் செராய்.
மழை தகரத்தைப் பிளக்கிறது.
தவனேஸ்வரன் பெட்டிகளை மூன்றாம் தடவை எண்ணுகிறான்,
பத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு.
இடது, நடுத்தர அளவு: இருபத்தோராயிரத்து நானூற்று அறுபது.
வலது: பத்தொன்பதாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.

கணினிக்குக் கை தெரியாது, ஜோடிதான் தெரியும்.
யாரோ எப்போதோ மொத்தத்தை இரண்டால் வகுத்துவிட்டு
நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.
அந்த யாரோ நான்தான்.
கையெழுத்து இருக்கிறது. பிப்ரவரி.

அடுப்பு வளைவில் சங்கிலி சுவரை உரசும் பக்கம்
வலது பீங்கான் கைகள் தொங்குகின்றன.
வாரத்துக்கு நாலைந்து விரல் போகும்.
கழற்றிய இடத்தில் வெறும் கொக்கி.
அந்த வெறும் கொக்கியும்
ஒரு சுற்றுத் தவறாமல்
பாலுக்கு மேலாக, அடுப்புக்கு உள்ளாக
வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறது.

இருபத்தோராயிரம் ஜோடி.
வியாழன் மாலை ஆறுக்குள் பட்டர்வொர்த்.
குறைவது ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டு
வலது கைகள்.

ஊருக்கு நான் இன்னும் கிராணி.
கழுத்து அட்டையில் உற்பத்தித் திட்டமிடுநர்.
சுற்றிலும் செம்பனை; பால் ஹாட்யாயிலிருந்து
லோரியில் வருகிறது.
எல்லையில் அது நிற்கும் நாலு மணி நேரமும்
என் பட்டியலில் ஒரு மஞ்சள் கட்டம்.

புதன் காலை இரண்டாம் லைனில் நீல உறை.
இதை நடுவில் நுழைத்தால் நீலம் தள்ளும்.
நீலம் தள்ளினால் தொட்டி கழுவுவது வெள்ளிக்குப் போகும்.
வெள்ளியன்று ரஃபிக்குல் இல்லை,
பெர்மிட் புதுப்பிக்க அலோர் ஸ்டார்.
ஒரு கட்டத்தைத் தொட்டேன்,
வரிசையில் நின்ற அத்தனை பேரும்
திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"அப்படியே ஓட்டு" என்றார் லிம்.
ஓட்டலாம். கூடவே இடதும் பிறக்கும்.
இருக்கிற இடதுகளை வைக்கவே
பலகை இல்லை.
"அச்சு கழற்ற ரெண்டரை மணி நேரம். யார் கணக்கில்?"
என் கணக்கில் என்றேன்.
வாய் அவசரம்.

புதன், விடிகாலை இரண்டு.
நூற்றிருபது வலது கைகள் மட்டும்
சங்கிலியில் கிளம்பின,
விரல்கள் தரையைப் பார்க்க, பால் சொட்டச் சொட்ட,
ஒன்றுக்கு ஒன்று
கும்பிடுவதற்குக்கூடச் சேராத கைகள்.
ஷாருல் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
"கிரி தடா" என்றான், இடது இல்லை.
ரஃபிக்குல் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது,
கந்தக வாடையில் அது இருமலாக முடிந்தது.

பத்துச் சுற்று, ஆயிரத்து இருநூறு.
சேதத்துக்கென்று பன்னிரண்டு விட்டிருந்தேன்.
கிழிந்தது ஒன்பது.

கண்டெய்னர் ஐந்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தது.
வெள்ளியன்று தொட்டியை நானே கழுவினேன்,
தவனேஸ்வரன் குழாய் பிடித்தான்.
லிம் இரண்டு நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

நானூற்று அறுபது இடது கைகள்
ஸ்டோர் மூலையில், "முடிவு செய்யப்படவில்லை" என்ற தலைப்பின் கீழ்.
சனிக்கிழமை பாசாரில்
மீன்கடை சியூ ஹொங் கேட்டாள்:
"கத்தி பிடிக்கிற கைக்கு உறை எதுக்கு?
வழுக்குறது மீன் பிடிக்கிற கைதானே.
ஜோடி ஜோடியா வாங்கி
பாதியக் குப்பையில போடுறேன்."

திங்கட்கிழமை கழிவு விலையில் ஒரு விண்ணப்பம் எழுதினேன்:
இருபது உறைகள், ஒற்றை.
கணினி சிவப்பில் மறுத்தது.
அளவு அலகு: ஜோடி.
பத்து ஜோடி என்று அடித்தேன், வாங்கிக்கொண்டது.
பிப்ரவரியில் செய்த அதே பொய்,
இந்தத் தடவை தெரிந்தே.
தவனேஸ்வரன் சுவரில் இரண்டு கோடுகளை அழித்தான்.

மிஞ்சிய மூன்று வலது
என் மேசை இழுப்பறையில், பேனாக்களுக்குப் பக்கத்தில்.
எந்தப் பட்டியலிலும் இல்லை.
இன்று மாலை கிளம்புமுன் எண்ணினேன்.
மூன்றுதான்.